இரண்டு சுவரொட்டிகளுக்கும் பணியாத பெரியக்கா

இந்தக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்று அமர்ந்திருக்கும் மகப்பேறு மருத்துவர் அம்மையார் அவர்களே, மருத்துவமனை ஊழியர் சங்கச் செயலாளர் அவர்களே, பிரசவ வார்டின் இன்றைய தலைமைச் செவிலியர் அவர்களே, முன்வரிசையில் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்திருக்கும் பெரியக்காவின் ஐந்து பிள்ளைகளே, உட்கார இடம் கிடைக்காமல் மாடிப்படியிலும் நடைவழியிலும் நின்றுகொண்டிருக்கும் தாய்மார்களே, நண்பர்களே, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

கனத்த மனத்தோடு பேச வந்திருக்கிறேன் என்று ஆரம்பிப்பது வழக்கம். என் மனம் இன்று கொதித்துப்போய் இருக்கிறது. அழுவதற்கு எனக்கு வீட்டில் நேரம் உண்டு. இங்கே அழ மாட்டேன்.

முதலில் நான் யார் என்று தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். இந்த மருத்துவமனையின் பதிவறையில் முப்பத்தாறு வருடம் புள்ளிவிவர எழுத்தராக இருந்தவன். எத்தனை பிறப்பு, எத்தனை இறப்பு, எத்தனை ஆண், எத்தனை பெண், இதை எழுதி மேலே அனுப்புவது என் வேலை. வார்டில் எனக்குப் பெயர் 'கணக்கு சார்'. மறைந்த நம் பழைய தலைமைச் செவிலியருக்குப் பெயர் 'பெரியக்கா'. உயரம் என்னவோ இந்த மைக்குக்குக் கீழேதான் நிற்பார். மேல் அலமாரியிலிருந்து துணி எடுக்க ஸ்டூல் போட்டுத்தான் ஏறுவார். என்னைவிட இரண்டு வயது இளையவர் வேறு. இருந்தும் நானும் அவரைப் பெரியக்கா என்றுதான் கூப்பிட்டேன். அந்த வார்டின் நாற்பது கட்டிலுக்கும் குரல் எட்டுகிற ஒரே ஆளை வேறு எப்படிக் கூப்பிடுவது?

போன செவ்வாய்க்கிழமை காலை வீட்டு வாசலருகே நாற்காலியில் உட்கார்ந்து செருப்பு மாட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். எழுபத்தொரு வயது. எங்கே கிளம்பிக்கொண்டிருந்தார்? இதே மருத்துவமனைக்கு. ஓய்வு பெற்றுப் பதிமூன்று வருடம் ஆன பிறகும் காலை எட்டு மணிக்கு வார்டுக்கு வந்துகொண்டிருந்தவர் அவர்.

நண்பர்களே, நான் வேலையில் சேர்ந்த காலத்தில் உலகத்தில் நானூறு கோடி பேர் என்றார்கள். இன்று எண்ணூறு கோடியைத் தாண்டிவிட்டோம். அந்த நாளில் இந்த வார்டில் ஒரு நாளைக்கு முப்பது பிரசவம். ஒரு கட்டிலில் இரண்டு தாய்மார் தலைமாடு கால்மாடாகப் படுத்திருப்பார்கள். குழந்தை மாறிவிடாமல் இருக்கக் காலில் கட்டுகிற பட்டைத் துணி நடுமாதத்திலேயே தீர்ந்துபோகும். வெளிச் சுவரில் ஒரு சுவரொட்டி ஒட்டியிருந்தார்கள். அப்பா, அம்மா, ஒரே ஒரு பிள்ளை. மூன்று பேரும் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருப்பார்கள். கீழே 'இருப்பது போதும்' என்று எழுதியிருக்கும்.

நான் சேர்ந்து சில வருடங்கள் கழித்து மேலிடத்திலிருந்து எங்களுக்கு ஓர் இலக்கு வந்தது. மாதத்துக்கு இத்தனை பெண்களுக்குக் கருத்தடை அறுவை செய்தாக வேண்டும். மூன்று பிள்ளைக்கு மேல் உள்ள பெண்களின் பெயரும் முகவரியும் வேண்டும். அந்தப் பட்டியலைத் தயாரிக்க வார்டின் பதிவேட்டை வாங்கிவரும்படி அனுப்பப்பட்ட ஆள் யார் தெரியுமா? நான்தான். இதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் இறந்தவரைப் புகழ வந்த இடத்தில் என் முகத்தை மட்டும் கழுவித் துடைத்துக்கொண்டு நிற்பது நியாயமில்லை.

பெரியக்கா அப்போது வார்டுப் பொறுப்புச் செவிலியர். முப்பத்தொரு வயது. பதிவேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கேட்டார்.

"எதுக்கு சார் பேரெல்லாம்?"

"பெரியக்கா, மேல இருந்து உத்தரவு. ஜனத்தொகை எக்கச்சக்கமா ஏறுது. நீங்களே பாக்கறீங்க, கட்டிலுக்கு ரெண்டு பேர் படுத்திருக்காங்க."

"ஆமா, பாக்கறேன். அதுக்கு ரெண்டாவது கட்டில் கேட்டு நாலு கடிதம் போட்டேன். அது வரல, நீங்க வந்திருக்கீங்க. சரி, இந்தப் பொம்பளைங்களைக் கேட்டீங்களா?"

"அவங்களை என்ன கேக்கறது? படிக்காதவங்க."

"உங்க வீட்ல மூணு பொண்ணுங்கதானே? உங்க வீட்டம்மா படிச்சவங்க. அவங்களைக் கேட்டீங்களா?"

எனக்குச் சுருக்கென்று தைத்தது. பதிவேட்டை வாங்காமலே திரும்பி வந்துவிட்டேன். அன்று சாயங்காலம் வீட்டில் துணி மடித்துக்கொண்டிருந்த என் மனைவியிடம் கேட்டேன். கல்யாணமாகி எட்டு வருடத்தில் முதல்முறையாகக் கேட்டேன். அவர் இங்கே நாலாவது வரிசையில் இருக்கிறார். இதைச் சொல்லலாமா என்று அனுமதி வாங்கிக்கொண்டுதான் சொல்கிறேன்.

"உனக்கு இன்னும் பிள்ளை வேணுமா, போதுமா?"

கையிலிருந்த துணியை அப்படியே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "ரெண்டாவதுக்கு அப்புறமே போதும்னு இருந்துச்சு. நீங்க பையன் பையன்னு சொல்லிட்டே இருந்தீங்க. என்னை யாரும் கேக்கல."

அடுத்த வாரமே அவர் தானாக நடந்து வந்து அந்த அறுவையைச் செய்துகொண்டார். பெரியக்காதான் பக்கத்தில் நின்று கையைப் பிடித்துக்கொண்டார். இதைக் கவனமாகக் கேளுங்கள். பெரியக்கா கருத்தடைக்கு எதிரி என்று பிற்காலத்தில் சிலர் எழுதினார்கள். பச்சைப் பொய். அவர் கையால் அந்த உதவியைப் பெற்ற பெண்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அவர் எதிர்த்தது ஒன்றே ஒன்றைத்தான். பெண்ணைக் கேட்காமல் அவள் வயிற்றைப் பற்றி முடிவெடுப்பதை.

பட்டியல் கிடைக்காவிட்டால் என்ன, வேறு வழி பார்த்தார்கள். ஒரு தையல் ஆலையின் மேற்பார்வையாளரைப் பிடித்து, நாற்பத்தொரு பெண்களை ஒரே வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார்கள். வர மறுத்தால் மறுநாள் வேலை இல்லை என்று சொல்லியிருந்தார்கள். வாசலில் அதிகாரி. கூடத்தில் மேற்பார்வையாளர். அறுவை அரங்கில் கையுறை மாட்டிக்கொண்டு காத்திருந்த இளம் மருத்துவர், இதோ தலைமை ஏற்றிருக்கும் நம் அம்மையார்.

பெரியக்கா என்ன செய்தார்? ஆண்கள் எல்லோரும் வெளியே போங்கள், பெண்களைச் சோதிக்க வேண்டும் என்றார். கதவைச் சாத்தினார். ஒவ்வொரு பெண்ணையும் தனியாக உட்காரவைத்து, என்ன அறுவை, பிறகு என்ன ஆகும் என்று விளக்கிச் சொல்லிவிட்டு, வேண்டுமா வேண்டாமா என்று கேட்டார். ஒருவருக்கு ஐந்து நிமிடம் என்று வைத்துக்கொண்டால்கூட எவ்வளவு நேரம் என்று பாருங்கள். வெளியே அதிகாரி கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துக் கழுத்து சுளுக்கியிருக்கும்.

பதினெட்டு பேர் வேண்டும் என்றார்கள். இருபத்து மூன்று பேர் வேண்டாம் என்றார்கள். முன்வாசல் வழியாகப் போனால் அந்த இருபத்து மூன்று பேரையும் மறுபடி பிடித்துக்கொள்வார்கள். பின்பக்கம் சலவை அறை. அதன் கதவு வெளியே தாழிடப்பட்டிருந்தது. பெரியக்கா உள்ளேயிருந்து மெதுவாகத் தட்டினார். அந்தப் பக்கம் நின்றிருந்தவன் நான். "சார், நீங்களா? தாழ்ப்பாளை எடுங்க" என்றார். எடுத்தேன். ஈரத் துணிகளுக்கு நடுவே குனிந்து குனிந்து இருபத்து மூன்று பேரும் தெருவுக்குப் போனார்கள். ஒரு பெண் மட்டும் திரும்பி என்னைப் பார்த்து, "வேலை போயிடும்ல சார்?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் நடந்தார். அவர்களில் ஆறு பேருக்கு உண்மையிலேயே வேலை போனது. நான்கு பேருக்கு வேறு தையல் கடைகளில் பெரியக்கா அலைந்து இடம் வாங்கித் தந்தார். இரண்டு பேருக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை. அதை அவர் மறக்கவே இல்லை.

அதிகாரி குதித்தார். மருத்துவர் அம்மையார் கையுறையைக் கழற்றிக்கொண்டே, "எங்கிட்ட வந்தது பதினெட்டு பேர். பதினெட்டு பேருக்கும் பண்ணிட்டேன். மீதியை வாசல்ல நின்ன நீங்கதான் சொல்லணும்" என்றார். ஆனால் பழி யாராவது ஒருவர் தலையில் விழ வேண்டுமே. பெரியக்கா இடைநீக்கம் செய்யப்பட்டார்.

விசாரணை நடந்தபோது அவருக்கு ஏழாவது மாதம். ஆமாம், ஐந்தாவது பிள்ளை. அந்தப் பிள்ளை இதோ முன்வரிசையில், வலது ஓரத்தில் இருக்கிறார். விசாரணை அதிகாரிக்கு அந்த வயிற்றைப் பார்த்ததும் முகம் போன போக்கை நான் கண்ணால் பார்த்தேன்.

"இது எத்தனாவது?" என்றார்.

"அஞ்சாவது சார்."

"ஊருக்கே எடுத்துச் சொல்ல வேண்டிய செவிலியர் நீங்க. வெக்கமா இல்ல?"

"இல்ல சார். என்னை யாரும் வண்டியில ஏத்திட்டு வந்து பெத்துக்க வைக்கல. நானும் என் வீட்டுக்காரரும் ஆசைப்பட்டுப் பெத்தது."

"எங்களுக்கு ஓர் இலக்கு இருக்கும்மா."

"இலக்கு உங்க காகிதத்துல இருக்கு. வயிறு அவங்ககிட்ட இருக்கு."

பிறகு என்னைச் சாட்சியாகக் கூப்பிட்டார்கள். சலவை அறைக் கதவைத் திறந்தது யார் என்று கேட்டார்கள். நான் "தெரியாது, நான் அங்கே இல்லை" என்றேன். நண்பர்களே, அது பொய். பெரியக்கா இரண்டடி தூரத்தில் உட்கார்ந்திருந்தார். என் பக்கம் திரும்பக்கூட இல்லை. கதவையும் தானே ஏற்பாடு செய்து திறந்ததாக ஒப்புக்கொண்டார். பதினோரு மாதம் வேலையில்லாமல் இருந்தார். பேருந்து ஓட்டுநரான அவர் கணவர் விடுமுறை நாளிலும் வண்டி எடுத்துக் குடும்பத்தை ஓட்டினார்.

மறுபடி வேலையில் சேர்ந்த அன்று நான் போய் அவர் முன்னால் நின்றேன். அவர்தான் பேசினார்.

"விடுங்க சார். ஒரு ஆள் வீட்ல உக்காந்தா போதும். ரெண்டு பேரும் உக்காந்தா மூணும் அஞ்சும் எட்டு பிள்ளைங்க பட்டினி."

"நான் சொல்லியிருக்கணும் அக்கா."

"ஆமா, சொல்லியிருக்கணும்" என்றார். என்னைச் சமாதானப்படுத்துவதற்காக அந்த ஒன்றை மட்டும் அவர் மாற்றிச் சொல்லவில்லை.

அவருடைய பணிப்பதிவேட்டில் அந்தக் குற்றம் இன்றும் கறையாக இருக்கிறது. இன்று காலை நான் கையெழுத்திட்ட ஒரு வாக்குமூலத்தைச் சங்கச் செயலாளரிடம் கொடுத்திருக்கிறேன். தாழ்ப்பாளை எடுத்தவன் நான், விசாரணையில் பொய் சொன்னவன் நான் என்று எழுதியிருக்கிறேன். அது பெரியக்காவின் கோப்பில் சேர்க்கப்பட வேண்டும். நாற்பது வருடத் தாமதம். அவர் உயிரோடு இருக்கும்போது செய்யாததற்கு என்னிடம் சமாதானம் ஏதும் இல்லை.

என்ன ஆனது அதற்குப் பிறகு? அந்த இருபத்து மூன்று பேரில் ஒன்பது பேர் ஒரு வருடத்துக்குள் தாங்களாகவே வந்து, இப்போது போதும் அக்கா என்று சொல்லி அறுவை செய்துகொண்டார்கள். பிறப்பு குறைய ஆரம்பித்தது. என் கையால் எழுதிய எண்கள், எனக்குத் தெரியும். ஒரு நாளைக்கு முப்பது இருந்தது இருபதானது, பத்தானது. வண்டியில் இழுத்து வந்ததாலா குறைந்தது? பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள். பிறந்த குழந்தைகள் சாகாமல் பிழைத்தார்கள். பெண்களுக்குக் கையில் ஒரு வேலை வந்தது. எத்தனை வேண்டும் என்று அவர்களே யோசித்தார்கள். உலகம் முழுக்க நடந்ததும் ஏறக்குறைய இதுதான். இன்று பாதிக்கும் மேலான நாடுகளில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக இரண்டு பிள்ளைகூட இல்லை, அல்லது இரண்டை ஒட்டித்தான் இருக்கிறது. வீட்டுக்கே உதாரணம் வேண்டுமா? பெரியக்காவின் ஐந்து பிள்ளைகளுக்கும் சேர்த்துப் பேரப்பிள்ளைகள் நான்கு பேர்.

இப்போது வார்டில் ஒரு வாரத்துக்கு முப்பது பிரசவம் நடந்தால் அதிகம். எதிர்த் தெருவில் தொட்டில் விற்ற கடையில் ஊன்றுகோலும் சக்கர நாற்காலியும் விற்கிறார்கள். பக்கத்துப் பள்ளியில் இரண்டு வகுப்பை ஒரே அறையில் உட்காரவைக்கிறார்கள். மேலிடத்துக்குத் திடீரென்று தூக்கம் போய்விட்டது. நாளைக்கு வேலை செய்ய ஆள் எங்கே, முதியவர்களைப் பார்த்துக்கொள்ள ஆள் எங்கே என்று கூட்டம் போட்டார்கள். கேள்வி நியாயமானதுதான். ஆனால் பதிலுக்கு என்ன செய்தார்கள்? அதே சுவர். அதே பசை. புதுச் சுவரொட்டி. இந்தத் தடவை ஒரு வீடு நிறையப் பிள்ளைகள். 'இன்னொன்று வேண்டும்' என்று கீழே எழுதியிருந்தது.

பெரியக்கா ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்தது. இணை இயக்குநர் நேரில் வந்தார். பழைய ஆள் இல்லை, இளைஞர், மரியாதையானவர். ஐந்து பெற்ற செவிலியர் என்று கேள்விப்பட்டு, புகைப்படக்காரரையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார்.

"அம்மா, உங்க படத்தைத்தான் அடுத்த சுவரொட்டியில போடப் போறோம். முன்மாதிரித் தாய்."

பெரியக்காவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "தம்பி, இதே அஞ்சு பிள்ளைக்காக என்னை வெக்கமா இல்லையான்னு கேட்ட ஆபீஸ் இது. அப்பவும் நான் வெக்கப்படல. இப்பவும் பெருமைப்பட மாட்டேன். என் பிள்ளைங்களை உங்க சுவத்துக்காகப் பெக்கல."

புகைப்படக்காரர் வந்ததற்கு வார்டில் டீ குடித்துவிட்டுப் போனார்.

அடுத்த மாதமே கருத்தடைக்கான காப்பர்-டி, மாத்திரை எல்லாவற்றையும் கிடங்குக்குத் திருப்பி அனுப்பச் சொல்லி உத்தரவு வந்தது. அந்த நேரம் பார்த்து ஒரு பேருந்து நடத்துநர் வந்தார். இருபத்தொன்பது வயதுப் பெண். ஒரு குழந்தை. "அக்கா, இப்போதைக்கு இது போதும். எனக்குக் காப்பர்-டி போட்டு விடுங்க" என்றார். உத்தரவு மேசை மேல் இருந்தது. பெரியக்கா அதன் மேல் ஒரு தட்டை வைத்து, தட்டில் கருவிகளை அடுக்கிக்கொண்டு உள்ளே போனார். கையிருப்பு தீரும்வரை வந்த பெண்கள் எல்லோருக்கும் போட்டுவிட்டார். தீர்ந்த பிறகுதான் 'திருப்பி அனுப்ப எதுவும் இல்லை' என்று பதில் எழுதினார். அதற்கு விளக்கம் கேட்டு ஒரு குறிப்பாணை. அவருடைய பிரிவுபசார விழா ரத்து. நாங்கள் துணி அறையில் நின்றபடியே அவருக்கு விடை கொடுத்தோம்.

அதே நாட்களில் வந்த இன்னொரு பெண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் மருத்துவமனையின் துப்புரவுத் தொழிலாளி. நடைவழியில் நின்றுகொண்டிருக்கிறார், எனக்குத் தெரிகிறது. "எனக்கு ரெண்டாவது வேணும் அக்கா. ஆசையா இருக்கு. ஆனா பெத்தா எங்க விடுவேன்? கூட்டிட்டு வந்தா வேலையை விட்டு நிறுத்திடுவாங்க" என்று அழுதார். சுவரொட்டி ஒட்டியவர்களுக்கு இந்தக் கேள்வி தோன்றியதா? பெரியக்கா வார்டின் கிழக்கு ஓரத்தில் காலியாகக் கிடந்த பன்னிரண்டு கட்டில்களை எடுத்துச் சுவரோரம் சாத்தினார். தரையில் பாய் விரித்தார். ஊழியர் குழந்தைகளுக்கான காப்பகம் அப்படித்தான் பிறந்தது. அனுமதி இல்லை, உடனே மூடு என்று கடிதம் வந்தது.

"கட்டில் காலியாக் கிடந்தப்போ யாரும் கடிதம் போடல. குழந்தைங்க படுத்ததும் போடறீங்க. பிள்ளை வேணும்னு சொல்றவங்க நீங்கதானே?" என்று நேரில் போய்க் கேட்டார். காப்பகத்தை அவர் மூடவே இல்லை. இன்று அங்கே இருபத்தாறு குழந்தைகள். செவ்வாய்க்கிழமை காலை அவர் செருப்பு மாட்டியது அவர்களிடம் வருவதற்காகத்தான்.

நண்பர்களே, கூட்டம் அதிகம் என்று சொன்னவர்களும் அவரைத் தண்டித்தார்கள். ஆள் குறைவு என்று சொன்னவர்களும் தண்டித்தார்கள். அவர் இருந்த இடத்திலேயே இருந்தார். அவரைப் பிடிவாதக்காரி என்று எழுதியவர்கள் உண்டு. எழுதிக்கொள்ளட்டும். அந்தப் பிடிவாதத்தில் எத்தனை பெண்கள் தலைநிமிர்ந்து வீடு திரும்பினார்கள் என்று எந்தப் பதிவேட்டில் எழுதுவது? அந்த எண் என்னிடம் இல்லை. முப்பத்தாறு வருடம் எண்ணியவன் சொல்கிறேன், என்னால் எண்ண முடியவில்லை.

கடைசியாக ஒன்று. பத்து நாளைக்கு முன்னால் ஒரு புதிய உத்தரவு வந்திருக்கிறது. இருபத்திரண்டிலிருந்து முப்பத்தெட்டு வயது வரை உள்ள ஒவ்வொரு பெண்ணின் பெயர், முகவரி, எத்தனை பிள்ளை, ஏன் இன்னும் பெறவில்லை, எல்லாவற்றையும் பட்டியலிட்டுக் கொடுக்க வேண்டுமாம். வருகிற திங்கட்கிழமை காலை பத்து மணிக்குப் பதிவேடுகளை எடுத்துப்போக ஆள் வருகிறார். பதிவறையில் இப்போது என் இடத்தில் இருக்கும் எழுத்தர், இரண்டு பிள்ளைக்குத் தாய், நேற்று என் வீட்டுக்கு வந்தார். "சார், நான் கொடுக்க மாட்டேன். ஆனா தனியா நிக்க பயமா இருக்கு" என்றார்.

தனியாக நிற்க வேண்டாம் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன். திங்கட்கிழமை ஒன்பது மணிக்கே நான் பதிவறையில் இருப்பேன். என் மனைவி வருகிறார். மருத்துவர் அம்மையார் வருகிறார். பெரியக்காவின் ஐந்து பிள்ளைகளும் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். எழுபத்து மூன்று வயது ஆளை எந்த ஊருக்கு மாற்றுவார்கள்? எந்த வேலையிலிருந்து இடைநீக்கம் செய்வார்கள்? என்னைப் போல் பயந்து பயந்து வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் இந்தக் கூட்டத்தில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். நம்மிடம் இனிப் பிடுங்குவதற்கு ஒன்றும் இல்லை. அதுதான் இப்போது நமக்கு இருக்கும் பலம். பெரியக்காவின் பணியைத் தொடர்வோம் என்று இங்கே நான் சொல்லும் சொல்லுக்குத் திங்கட்கிழமைதான் முதல் நாள்.

ஒரே ஒரு வேண்டுகோள். பதிவறையில் நான்கு நாற்காலிதான் இருக்கிறது. வருகிறவர்கள் வீட்டிலிருந்து ஆளுக்கொன்று கொண்டுவந்துவிடுங்கள். நம் வயதுக்கு ரொம்ப நேரம் நிற்க முடியாது. நாம் ரொம்ப நேரம் இருக்கப் போகிறோம்.